குவைத்துக்குப் போட்டுக்கொண்ட சத்து ஊசி

குவைத்துக்குப் போக உடம்பில் என்னென்ன இருக்கக் கூடாது என்பது ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் எங்கள் தெருவுக்கே மனப்பாடம். டி.பி. இருக்கக் கூடாது, மஞ்சள் காமாலை இருக்கக் கூடாது, சர்க்கரை இருந்தால் வெளியே சொல்லக் கூடாது. சூரத் துணி லாரி லாரியாக வந்து இறங்க ஆரம்பித்த பிறகு எங்கள் பவர்லூம்கள் வாரத்தில் பாதி நாள் தூங்கின. தெருவின் ஆண்பிள்ளைகளில் பாதிப் பேர் குவைத்தில் இருந்தார்கள், மீதிப் பேர் மெடிக்கலுக்குக் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். குவைத்தைத் தவிர வேறு எதையும் நினைக்கத் தெரியாத வயசு எனக்கு.

சென்னையில் நடந்த முதல் மெடிக்கலில் பாஸ். நான் முதல் தடவையிலேயே பாஸான ஒரே பரீட்சை அதுதான். அம்மா தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். ஆனால் விசா வரவில்லை. ஏஜெண்டைக் கேட்டால், "வந்துக்கினே இருக்குது" என்பான். எங்கிருந்து நடந்து வருகிறது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. கவலையில் இளைத்தேன். கன்னம் ஒட்டிப்போய், நல்ல முடி மட்டும் மிச்சமிருந்தது. என் முடியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அம்மாவுக்கு அதைவிட அதிகம்.

"இந்த ஒடம்ப வெச்சிக்கினு ஏரோப்ளேன்ல ஏறுனா பாதியில எறக்கி வுட்ருவான்" என்றாள் அம்மா. உடனே ஆர்.எம்.பி. டாக்டரைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

ஆர்.எம்.பி. என்றால் படிக்காமல் வைத்தியம் கற்றுக்கொண்ட தெரு டாக்டர். எங்கள் பக்கத்தில் ஊசி போடாதவர் டாக்டரே இல்லை. இவர் கேட்காமலேயே போடுவார், அதனால் பெரிய டாக்டர். மொபெட்டில் ஒரு எவர்சில்வர் டப்பா, அதில் கண்ணாடி சிரிஞ்சு, சில ஊசிகள். நல்ல மனுஷன். சுத்தத்தில் கறார் என்று பேர் எடுத்தவர். ஒரு வீட்டில் போட்ட ஊசியைக் கொதிக்க வைக்காமல் அடுத்த வீட்டில் போடவே மாட்டார். வீட்டுக்கு ஒரு ஊசி என்பது அவர் சட்டம். அதற்காகத் தெருவே அவரை மெச்சிக்கொண்டது, நானும்தான்.

சத்து ஊசி மருந்து சிவப்பாக இருந்தது. அம்மாவுக்கு அதிலேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. இருந்தாலும் அவள் என் அம்மா. எனக்கு வைக்கும் குழம்பில் முதல் வாய் அவளுடையது. நான் ஏறும் பஸ்ஸில் முதலில் அவள் ஏறி, சீட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு இறங்குவாள்.

"மொதல்ல எனக்குப் போடு" என்று கையை நீட்டினாள். "வலிக்குதா, தலை சுத்துதா பாத்துட்டு அப்பறம் புள்ளைக்குப் போடு."

அவர் கொஞ்சம் மருந்தை அவளுக்குப் போட்டார். அம்மா கண்ணை மூடி, ஊறுகாய் ருசி பார்ப்பவள் மாதிரி யோசித்துவிட்டு, "நல்லாதான் கீது, போடு" என்றாள். மிச்ச மருந்து எனக்கு. ஒரு கோர்ஸ் முழுக்க இப்படியே நடந்தது. ஒவ்வொரு தடவையும் முதலில் அம்மா, பிறகு நான்.

இதெல்லாம் முடிந்து ரொம்ப நாள் கழித்துத்தான் விசா வந்து சேர்ந்தது. அதற்குள் மெடிக்கல் சீட்டின் கெடு முடிந்துவிட்டது, மறுபடி ரத்தம் கொடு என்றார்கள். சத்து ஊசி போட்ட தெம்பில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அன்ஃபிட் என்று வந்தது.

"ஹெபடைடிஸ் சி" என்றான் ஏஜெண்ட். "கல்லீரல்ல பூச்சி மாதிரி. போன தடவ இல்ல, இந்தத் தடவ கீது. சரி பண்ணிக்கினு வா, விசாவ எப்டியாவது தள்ளி வெக்கிறேன்."

ஆர்.எம்.பி. டாக்டர் ஆறுதல் சொன்னார். "ஏ இல்ல, பி இல்ல, சி தானே? மூணாவது ரேங்க்கு. அதுக்குப் போயி எதுக்கு நைனா அழுவுற?" அம்மா அழவில்லை. வடக்கே திரும்பி, திருமலை இருக்கிற திசையைப் பார்த்து, புள்ளைக்குக் குணமானால் அந்த முடி முழுக்க உனக்குத்தான் என்று வேண்டிக்கொண்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இந்த வியாதியை ஆராய்ச்சி செய்கிறார்கள், சேர்த்துக்கொண்டால் மருந்து இனாம் என்று ஏஜெண்ட் சொல்லியனுப்பினான். அம்மாவும் நானும் ரயில் ஏறிப் போனோம். ஒரு மேடம் டாக்டர் இருந்தார். சின்ன அறை, அதில் ஒரு பெரிய ஃப்ரிட்ஜ். என் இரண்டு மெடிக்கல் சீட்டுகளையும் மேஜைமேல் வைத்தேன். மேடம் ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார், முகம் பூத்துவிட்டது. எழுந்து போய் இன்னும் இரண்டு டாக்டர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்று பேரும் தொட்டிலைச் சுற்றி நிற்பவர்கள் போல என்னைச் சுற்றி நின்று சிரித்தார்கள். என் வாழ்க்கையே போய்விட்டது என்று உட்கார்ந்திருக்கிறேன், இவர்கள் கைகொடுக்காத குறை. எனக்கு வந்த கோபத்துக்கு அப்படியே எழுந்து வந்திருப்பேன். அம்மா சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

பிறகு மேடம் விளக்கினார். அவர் தாய்மொழி தெலுங்கு. எங்களுக்காகத் தமிழ் பேசுவார், நடுவில் தெலுங்கு வந்து ஏறிக்கொள்ளும். எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். "கங்காரு படகண்டி. இது கொத்ததி. கொத்ததைத்தே மஞ்சிதே" என்றார். பதறாதீர்கள், இது புதுசு, புதுசாக இருந்தால் நல்லதுதான் என்று அர்த்தம். இந்த வைரஸ் வந்தது யாருக்கும் தெரியாதாம். சத்தம் போடாமல் இருபது முப்பது வருஷம் உள்ளே உட்கார்ந்திருந்து, கல்லீரல் கெட்ட பிறகுதான் ஆளைக் காட்டுமாம். வந்த புதுசிலேயே பிடித்தால் சுலபமாகத் துரத்திவிடலாம், ஆனால் புதுசாக யாரும் அகப்படுவதில்லை. போன தடவை இல்லை, இந்தத் தடவை இருக்கிறது என்று கையில் அத்தாட்சியோடு நடந்து வந்தவன் நான்.

எப்படி வந்திருக்கும் என்று கேட்டார். பச்சை குத்தினாயா, ரத்தம் ஏற்றினார்களா, ஊசி போட்டாயா? ஊசி போட்டேன், ஆனால் எங்கள் டாக்டர் ரொம்ப சுத்தம், எங்கள் வீட்டுக்குத் தனி ஊசி என்று பெருமையாகச் சொன்னேன். மேடம் தலையாட்டி எழுதிக்கொண்டார். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆராய்ச்சியின் முறை விசித்திரமாக இருந்தது. சில பேருடைய உடம்பு இந்த வைரஸைத் தானாகவே வெளியே தள்ளிவிடுமாம். அதனால் பாதிப் பேருக்கு உடனே ஊசி. மீதிப் பேருக்குச் சில வாரம் வெறுமே ரத்தம் எடுத்துப் பார்ப்பது, போகவில்லை என்றால் ஊசி. யாருக்கு எது என்பதை டாக்டரும் சொல்ல முடியாது, நோயாளியும் சொல்ல முடியாது, கம்ப்யூட்டர் சொல்லும். ராகு காலம் முடிந்த பிறகு கம்ப்யூட்டரைத் தட்டச் சொல்லி அம்மா கேட்டாள். மேடம் நல்லவர், காத்திருந்து தட்டினார். அப்படியும் எனக்கு வந்தது, வெறுமே பார்ப்பது.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "மருந்து குடுக்காம பாத்துக்கினு இருக்கறதுக்கு எதுக்கும்மா டாக்டரு? அத நாங்க வூட்லயே குந்திக்கினு பாத்துக்க மாட்டோமா?"

வீட்டில் அம்மாவின் வைத்தியம் தொடங்கியது. கல்லீரல் என்றால் காமாலை, காமாலை என்றால் உப்பில்லை, எண்ணெய் இல்லை, மஞ்சள் தூள் இல்லை. விடிந்ததும் கீழாநெல்லி. நான் கொஞ்சமும் மஞ்சளாக இல்லை என்று கண்ணாடியில் காட்டினேன். "உள்ள மஞ்சளா இருக்கும்" என்றாள். மேடத்திடம் முறையிட்டேன். "உப்பு தின்னு, காரம் தின்னு, பர்வாலேது" என்று மேடம் அம்மாவின் எதிரிலேயே சொன்னார். ரயிலில் திரும்பும்போது அம்மா சொன்னாள்: "பாவம், சின்னப் பொண்ணு, இப்பதான் படிச்சிக்கினு கீது." உப்பில்லாத சாதத்தை நான் தின்ன, நான் மீதி வைத்ததை அதே தட்டில் அவள் தின்றாள். எனக்கு இல்லாத உப்பு அவளுக்கும் வேண்டாமாம். அந்தச் சாப்பாட்டில் நான் போய்விடுவேன் போலிருந்தது, வைரஸ் போகவில்லை.

அப்புறம் ஊசி ஆரம்பித்தது. வாரத்துக்கு ஒன்று, மேடத்தின் அறையில், புது சிரிஞ்சைக் கண் முன்னால் பிரித்துப் போடுவார்கள். போட்ட அன்று சாயந்திரம் ஜுரம், உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. கோபம் வரும் என்று முன்னாலேயே எச்சரித்திருந்தார்கள். ஆனால் இந்த அளவு என்று சொல்லவில்லை. எதிர்வீட்டுச் சேவல் கூவியதற்காக எதிர்வீட்டுக்காரனோடு சண்டை போட்டேன். நான் வேலை செய்த லூமின் ஓனரை, யாருமே திட்டியிராத வார்த்தையால் திட்டினேன். அவன் மறுநாள் வந்து, "ஊசி பேசுச்சுன்னு வுட்டுட்டேன்" என்றான். இது பிடித்துப் போய், சில வாரம் ஊசியின் பேரைச் சொல்லிக் கொஞ்சம் சொந்தமாகவும் திட்டினேன்.

அதன் பிறகு முடி கொட்ட ஆரம்பித்தது. தலையணையில், சீப்பில், சாதத்தில். லூமில் நெய்த துணிக்குள்ளேயே என் முடி போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. அம்மாவின் கவலை வேறு. வேண்டிக்கொண்ட முடி. மலைக்கு என்று சொல்லிவிட்டதை வழியிலேயே உதிர விடுவது சாமியை ஏமாற்றுவதாகாதா? ஒரு பிளாஸ்டிக் பையை ஆணியில் மாட்டி, கொட்டிய ஒவ்வொரு முடியையும் பொறுக்கிப் போட்டாள். லூம் ஷெட்டுக்கே வந்து தறிக்கு அடியில் தேடினாள். "அது வெள்ள முடிம்மா, ஓனருடையது" என்று ஒருநாள் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். "சாமிக்குத் தெரியும், பிரிச்சிக்குவாரு" என்றாள்.

ஆர்.எம்.பி. டாக்டர் இந்த ஊசியைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒருநாள் வந்தார். "வாரா வாரம் எதுக்கு நைனா ரயில்ல அலையுற? மருந்த வாங்கிக்கினு வா, நானே போடறேன். ஒங்க வூட்டு ஊசி தனியா வெச்சிருக்கறேன்." அவருடைய நல்ல மனசை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு நடுங்குகிறது.

அம்மா ஒரு வாரம்கூட விடாமல் என்னோடு திருப்பதிக்கு வந்தாள். அறையில் எனக்கு மட்டும் பிஸ்கட், ஜூஸ், பிரஷர் பார்ப்பது, எப்படி இருக்கிறாய் என்று கேட்பது. அவளுக்குக் கொஞ்சம் பொறாமை. "எனக்கும் கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பாரேம்மா" என்பாள். மேடம் சிரிப்பார். ஊசிகள் முடிகிற சமயத்தில் ஒருநாள் நான் கை வலிக்கிறது என்று முனகினேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னா மேடம், இவனுக்கு ஒரு ஊசிக்கே இப்டி. சத்து ஊசி போடச் சொல்ல, வலிக்குமோன்னு மொதல்ல நான்தான் போட்டுக்குவேன். அப்பறம் அதே ஊசிய இவனுக்குப் போடச் சொல்வேன். அப்டி வளத்த புள்ள."

மேடம் எழுதுவதை நிறுத்தினார். "அதே ஊசியா?"

"பின்ன? ஒரே வூடு, ஒரே ரத்தம். வேற ஊசி எதுக்கு?"

எங்கள் வீட்டுக்குத் தனி ஊசி என்று நான் பெருமையடித்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்த வீட்டை நினைத்தே நாங்கள் எல்லோரும் பயந்திருந்தோம். சொந்த வீட்டு ரத்தத்தைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? மேடம் அம்மாவின் கையை வாங்கி ரத்தம் எடுத்தார். ஜூஸ் கொடுக்கும்வரை அம்மா எழுந்திருக்கவில்லை.

அடுத்த முறை போனபோது, அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில் மேடம் என்னிடம் சொன்னார். அம்மாவுக்கும் இருக்கிறது. புதுசு இல்லை, ரொம்பப் பழசு. சித்தூரில் என் தங்கை பிறந்தபோது அம்மாவுக்கு ரத்தம் ஏற்றினார்கள், அப்போது வந்திருக்கலாம். அந்தக் காலத்தில் ரத்தத்தில் இதைத் தேட டெஸ்டே கிடையாது, யாரையும் குறை சொல்ல முடியாது. இரண்டு பேருடைய வைரஸையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் ஒன்றாகத்தான் தெரிகிறது. அம்மாவிடமிருந்து ஊசி வழியாக எனக்கு.

அம்மா செம்போடு வந்தாள். அவளுக்கும் அந்த வியாதி இருப்பதை மட்டும் மேடம் சொன்னார். அம்மா செம்பைக் கீழே வைத்தாள். பிறகு என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"பாத்தியா! ஒன் எச்சித் தட்டுல துன்னேன், எனக்கும் ஒட்ட வெச்சிட்ட!"

மேடம் வாயைத் திறந்தார். நான் மேடத்தைப் பார்த்து, வேண்டாம் என்று மெதுவாகத் தலையை ஆட்டினேன். "தட்டுல தின்னா ஒட்டாதும்மா" என்று அவர் அதோடு நிறுத்திக்கொண்டார். "ஒனக்கு இன்னா தெரியும், சின்னப் பொண்ணு" என்றாள் அம்மா. அப்புறம், "எனக்கு எப்ப ஊசி?" என்று கேட்டாள். இந்த ஆராய்ச்சி புதுசாக வந்தவர்களுக்குத்தான், அவளுடையது பழசு, சர்க்கரை வியாதி உள்ள அவள் உடம்பு இந்த ஊசியைத் தாங்காது, வருஷா வருஷம் வந்து காட்டினால் போதும், நல்ல மருந்து வரும் என்று மேடம் பொறுமையாகச் சொன்னார்.

அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பழசுன்னா வாணாமா? பாத்திரக்காரன்கூட பழச எடுத்துக்குவான்."

ஆர்.எம்.பி. டாக்டரை மேடம் தானே நகரிக்கு வந்து பார்த்தார். என்ன பேசினார்களோ, அன்று முதல் அவர் ஆளுக்கு ஒரு புது சிரிஞ்சு வாங்க ஆரம்பித்தார். வீட்டுக்கு ஒரு ஊசி என்று அவரை மெச்சிய தெரு இப்போது ஊதாரி என்றது.

என் ஊசிகள் முடிந்தன. ரத்தத்தில் வைரஸ் இல்லை. பொறுத்திருந்து மறுபடி பார்த்தார்கள், அப்போதும் இல்லை. அம்மா என்னையும் பையையும் தூக்கிக்கொண்டு மலை ஏறினாள். மொட்டை போடுகிறவர் புது பிளேடு எடுத்து, என் தலையைப் பார்த்துவிட்டு, "இக்கட ஏமுந்தி?" என்றார், இங்கே எடுக்க என்ன இருக்கிறது என்று. அம்மா பையை நீட்டினாள். அவர் அதிர்ந்து போய், அதை வாங்கி எல்லா முடியோடும் சேர்த்துக் கொட்டினார். சாமி கணக்கு தீர்ந்தது.

முடி முளைத்ததும் மூன்றாவது மெடிக்கலுக்குப் போனேன். அன்ஃபிட்.

மேடத்திடம் ஓடினேன், கத்தினேன். அப்போது ஊசியும் இல்லை, கோபம் முழுக்க என்னுடையது. அவர் சொன்னார்: "பந்தல் பிரிச்ச அப்பறம் குழி இருக்கும் கதா? வைரஸோட உங்க உடம்பு சண்டை போட்ட அடையாளம் ரத்தத்துல எப்பவும் இருக்கும். அவங்க குழியை மட்டும் பாக்கறாங்க. பந்தல் இருக்கான்னு பாக்கறதில்ல." இவன் குணமானவன் என்று கடிதமும் எழுதித் தந்தார். அதை வாங்கிப் பார்க்க மெடிக்கல் சென்டரில் ஆள் இல்லை. எந்தக் காலத்திலும் எனக்குக் குவைத் கிடையாது. திருப்பதி பஸ் ஸ்டாண்டில், மொட்டைகளும் லட்டுப் பைகளும் சுற்றிலும் நிற்க, நான் வாய்விட்டு அழுதேன்.

அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே குவைத்தைத் திட்டினாள், ஏஜெண்டைத் திட்டினாள், ஆர்.எம்.பி.யைத் திட்டினாள். கடைசியில், "எந்தப் பாவி வூட்டு ரத்தம்டா ஒன் மேல பட்டுது? அவ கைல கெடச்சா..." என்றாள். எனக்கு அழுகை நின்றுவிட்டது.

"தெர்லம்மா" என்றேன்.

மேடம் எனக்கு அந்த அறையிலேயே வேலை போட்டுக் கொடுத்தார். ரத்தக் குழாய்களை ஐஸ் பெட்டியில் வைத்து ரேணிகுண்டா ஏர்போர்ட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. விமானத்துக்குப் பக்கத்தில் நான் போனது அவ்வளவு தூரம்தான். என் கையிலிருந்து ஏறிப் பறந்ததெல்லாம் மற்றவர்கள் ரத்தம்.

வருஷங்கள் ஓடின. அம்மா வருஷா வருஷம் வந்து காட்டினாள். மேடம் சொன்னபடியே நல்ல மருந்து வந்தது. ஊசி இல்லை, ஜுரம் இல்லை, தினம் ஒரு மாத்திரை. அம்மாவின் பழசுக்கும் அது கேட்டது. வைரஸ் இல்லை என்று முடிவு வந்த அன்று, தலை நரைத்த மேடத்தை அம்மா கட்டிக்கொண்டு, "சின்னப் பொண்ணு நல்லா படிச்சிருக்குது" என்றாள்.

திரும்பும் ரயிலில் ஜன்னல் சீட்டை அமுக்கிப் பார்த்து எனக்குக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே இருந்த அம்மாள் எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டாள். அம்மாவுக்குப் போதுமே, இத்தனை வருஷமாக ஊரெல்லாம் சொன்னதை மறுபடி ஆரம்பித்துவிட்டாள்.

"இவன்கிட்டருந்து எனக்கு ஒட்டிக்கிச்சு. பெத்து வளத்ததுக்கு இவன் எனக்குக் குடுத்தது அது ஒண்ணுதான். இத்தினி வருஷம் வயித்துக்குள்ள வெச்சி சொமந்தேன். இன்னா சொல்ற, பொய்யா?"

எதிர் சீட்டு அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"நெசந்தாங்க" என்றேன். "நான் குடுத்ததுதான்."